பதம்

ஊர்ப் பெயர் வேண்டாம்.
என் ஒப்பந்தம் ஜூன் வரைக்கும்தான்.
யார்க்‌ஷயரில் ஒரு நகரம், நடுவே ஆறு
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குன்றின்மேல் ஒன்று: கோபுரம், கடிகாரம்,
லத்தீனில் ஏதோ பொறித்த வளைவு.
பேருந்து நிலையத்தின் பின்னால் மற்றொன்று:
முன்பு கம்பளம் விற்ற கட்டடம்,
மழை பெய்தால் மூன்றாம் மாடியில்
இன்னும் கம்பள வாசம்.

திங்களன்று மேலே, வியாழனன்று கீழே.
ஒரே பென் டிரைவ், அதே நாற்பத்தொரு ஸ்லைடு,
பன்னிரண்டாவதில் அதே நகைச்சுவை.
இரண்டு இடத்திலும் யாரும் சிரிப்பதில்லை.
மூலையில் இருக்கும் சின்னத்தை மட்டும் மாற்றுவேன்.
ஒருமுறை மறந்துபோய்
மேலே உள்ளவர்களின் சிங்கத்தைக் கீழே காட்டிவிட்டேன்.
அன்றைக்கு எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

மேலே மணிக்கு நான்கு பவுண்டு குறைவு.
"எங்கள் பெயர் உங்கள் பயோடேட்டாவில் இருக்குமே"
என்றார் துறை அலுவலர், புன்னகையோடு.
பெயரை வைத்து வாடகை கட்டலாமா
என்று நான் கேட்கவில்லை. பயோடேட்டாவில்
அதைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.

கையேட்டின் அட்டையில் சிரிக்கும் பேராசிரியர்
மூன்று வருடமாக ஆராய்ச்சி விடுப்பில்.
கதவில் அவர் பெயர், உள்ளே நகலெடுக்கும் இயந்திரம்.
அவருடைய பாடத்தைத்தான் நான் எடுக்கிறேன்.
குறையாகச் சொல்லவில்லை.
அவர் எழுதிய கட்டுரை ஒன்றை
இரவு இரண்டு மணிக்குப் படித்து
எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படிப்பட்ட கட்டுரை.

மாதிரி எடுத்தல் பற்றிய வகுப்பு, கீழே.
பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.
மோரீன் கை தூக்கினாள். நாற்பத்தொன்பது வயது,
இருபது வருடம் மருத்துவமனைச் சமையலறை.
"முந்நூறு பேருக்கு ஆக்கியிருக்கிறேன்.
மேலே பூவாக இருக்கும், அடியில் தீய்ந்திருக்கும்.
முதலில் கிளறினீர்களா?
அந்த ஒரு சோற்றை எடுத்தது யார்,
சமைத்தவனா, சாப்பிடுகிறவனா?"

அன்று பதின்மூன்றாம் ஸ்லைடுக்குப் போகவில்லை.
பலகை முழுக்கப் பானைகள் வரைந்தோம்.
யாரோ ஒரு தரவரிசைப் பட்டியலைத் திறந்தார்கள்.
மதிப்பெண்ணில் பெரும்பங்கு 'நற்பெயர்'.
எங்கோ இருக்கும் பேராசிரியர்களிடம்
எது நல்ல இடம் என்று கேட்டிருக்கிறார்கள்.
அவர்கள் எங்கே பார்த்துச் சொன்னார்கள்?
போன வருடப் பட்டியலில்.
"வாசம் பிடிக்கக்கூட வரவில்லையே" என்றாள் மோரீன்.

அடுத்த திங்கள் அதே கேள்வியை மேலே போட்டேன்,
என் கேள்வி மாதிரி.
"பரீட்சைக்கு வருமா?" என்றான் ஒருவன்.
இந்த இடத்தில் முடித்துவிட்டால் எனக்கு வசதி.
ஆனால் கடைசி வரிசையில்
அதுவரை வாய் திறக்காத ஃபியோன்
மறுநாள் நான்கு பக்கம் அனுப்பியிருந்தாள்:
கிளறாத பானைக்கு ஒரு சூத்திரம்.
இரண்டாம் பக்கத்தில் நான் வழி தவறிவிட்டேன்.
யாரிடம் போய்க் கேட்பது, நகலெடுக்கும் இயந்திரத்திடமா?
அதில் நகலெடுத்துத்தான்
வியாழனன்று கீழே கொண்டுபோனேன்.
மோரீன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.
ஓரமெல்லாம் பென்சிலில் கேள்விக்குறி.

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து
பெரியப்பா மகன் இளவழுதியின் அழைப்பு.
தீட்சண்யாவுக்கு இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது.
வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகப்போகிறது.
"நீ உள்ளே இருக்கிறவள். நிஜத்தைச் சொல்லு."
மோரீனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
ஃபியோனைப் பற்றியும்.
"கல்யாணப் பத்திரிகையில் போட்டால்
எது எடுப்பாக இருக்கும், அதை மட்டும் சொல்லு."

குன்றின்மேல் இருப்பது என்றேன்.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
இரண்டுக்கும் ஒரே பேருந்துதான் அண்ணா,
பதினான்கு நிமிடம் என்றேன்.
அதற்குள் அவர் அண்ணியைக் கூப்பிட்டுவிட்டார்.

நாளை திங்கள்.
நாற்பத்தொரு ஸ்லைடிலும்
சிங்கத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.